ஷீலா டீச்சர் சொன்னதாக

காலையில் எழுந்ததும் டோனி மோட்டார் சுவிட்சைப் போடுவான். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுப்பான். பாலைக் காய்ச்சுவான். ஒரு டம்ளர் காபி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்று, மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்பான். தொட்டி நிறைய நிறையச் சத்தம் மாறும். விளிம்புக்கு வருமுன் நிறுத்திவிடுவான். பிறகு குளிப்பான். முந்தின நாள் சட்டை அழுக்கில்லை என்றால் அதையே மாட்டிக்கொள்வான். இந்த ஓராண்டில் அந்த வீட்டுத் தொட்டி ஒரு நாளும் வழிந்ததில்லை.

அன்றைக்கும் வழியவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

பி.காம். முடித்துவிட்டு மின்வாரியத்தில் கணக்கீட்டாளராகச் சேர்ந்தவன். காரைக்குடியை ஒட்டிய அந்தப் பேரூராட்சியில் வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கி மீட்டர் பார்ப்பது வேலை. முப்பது தாண்டிச் சில வருஷம்தான். அதற்குள் மனைவியைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தவன் என்பதால், அவன் வாசலில் ஏறினாலே பெண்கள் பேச்சைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது அவனுக்கு வசதியாகவே இருந்தது. மீட்டரைப் பார்த்தான், எண்ணை ஏற்றினான், அடுத்த வாசலுக்குப் போனான்.

டியூஷன் சென்டர் சந்தில் திரும்பியதும் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டான்.

காளிதாஸ் பெட்டிக்கடைக்குப் புதிதாக ஒரு பெயர்ப்பலகை வந்திருந்தது. பச்சை நிறம். குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. நடுவில் அவன் மனைவி ஷீலா சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படம். காதோரம் கனகாம்பரம்கூட அப்படியே தெரிந்தது. கீழே, 'ஷீலா டீச்சர் நெறிமுறைக் கடை. சிறுவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதில்லை என்று உறுதி கூறுகிறோம். தளிர்மூச்சு அறக்கட்டளை.'

பலகைக்கு நேர் கீழே ஆரஞ்சு மிட்டாய் ஜாடி. அதன் தோளில் சாய்ந்தபடி சிகரெட் அட்டை. அதே பச்சை. அதே வெள்ளைக் கோடு.

"வாங்க டோனி சார்," என்றார் காளிதாஸ். "பலகை எப்புடி? டீச்சர் சிரிச்ச மொகமா இருக்காகள்ல?"

"யாரு வச்சது?"

"ட்ரஸ்ட்டுக்காரவுகதான். ஊருல இருக்க அம்புட்டுக் கடைக்கும் வைக்கிறாக. நம்ம கடைக்குத்தான் மொதல்ல." அவர் குரலில் பெருமை இருந்தது. பிறகு டோனியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைக் குறைத்துக்கொண்டார். "ஒங்களுக்குத் தெரியாதா? மாமனாரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காகளே சார்."

டோனி உள்ளே போய் மீட்டரைப் பார்த்தான். எண் கண்ணில் பதியவில்லை. மறுபடி பார்த்தான்.

இந்தக் கடையோடு ஷீலாவுக்கு ஒரு வழக்கு இருந்தது. வழக்கென்றால் கோர்ட் வழக்கில்லை. அவள் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். காளிதாஸின் கடை முன்பு பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இருந்தது. பள்ளிக்குப் பக்கத்தில் சிகரெட் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பள்ளியிலிருந்து எடுத்துச் சொன்னார்கள், அவரும் கடையைப் பெயர்த்துக்கொண்டு இந்தச் சந்துக்கு வந்துவிட்டார். டியூஷன் சென்டருக்கு நேர் எதிரே. காலையில் பள்ளியில் இருக்கும் அதே பிள்ளைகள்தான் சாயங்காலம் இங்கே இருக்கும். ஆனால் டியூஷன் சென்டர் பள்ளிக்கூடம் ஆகாது. சட்டத்தில் அது இல்லை. ஆகவே குற்றமும் இல்லை.

அப்போதுதான் ஷீலா பேரூராட்சிக்கு ஒரு தீர்மானம் கேட்டு மனு கொடுத்தாள். புகையிலை விற்கிற கடைக்குத் தனி லைசென்ஸ். லைசென்ஸ் வாங்கின கடையில் மிட்டாய், பிஸ்கட், பேனா எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்காக ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டுப் படியும் ஏறினாள். ஏறிக்கொண்டிருந்தபோதுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

நுரையீரலில் புற்று. அவள் வீட்டிலும் இவன் வீட்டிலும் பீடி பிடித்தவர்கூட இல்லை. இப்படியும் வரும், காரணம் சொல்ல முடியாது என்று மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார். "இதையே மனுவுல சேத்துருவோம் டீச்சர், ஒரே நாள்ல தீர்மானம் போட்டுருவாக," என்று கூட வந்த பெண்கள் சொன்னபோது ஷீலா ஒப்பவில்லை. "என் நோவுக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு சொல்லி ஜெயிக்க வேணாம்," என்றாள். தீர்மானம் தள்ளித் தள்ளிப் போயிற்று. அவள் போய்ச் சேர்ந்தாள்.

டோனி வெளியே வந்தபோது காளிதாஸ் ஒரு சோடாவை உடைத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"அப்ப லைசென்ஸ்?"

"அது இனி எதுக்கு சார்? இந்தா, நாங்களே உறுதிமொழி எடுத்துட்டம்ல. வர்ற கூட்டத்துல, டீச்சர் குடும்பத்தாரு விருப்பப்படி, லைசென்சுக்குப் பதிலா இந்த நெறிமுறைய ஏத்துக்கிறதுன்னு தீர்மானம். சங்கத்துல சொல்லிட்டாக."

"சங்கமா? ஒங்களுக்கு எப்ப சங்கம் வந்துச்சு?"

காளிதாஸ் சிரித்துவிட்டார். "அதும் அவுகளே ஆரம்பிச்சுக் குடுத்ததுதான். லெட்டர்பேடெல்லாம் அடிச்சு வந்துச்சு. நான்தான் தலைவருன்னாக. சரின்டேன்." பிறகு குரலை இறக்கினார். "சார், ஒங்ககிட்ட என்ன மறைப்பு. தச்சு வேலை பாத்த குடும்பம், அதப் போட்டுட்டு இதுக்கு வந்தேன். முட்டாய் வாங்க வர்ற பயதான் நாளைக்கு சிகரெட்டு வாங்குறான். ரெண்டையும் பிரிச்சுட்டா அப்பறம் இங்கன என்ன யாவாரம்? டீச்சருக்கு அது தெரிஞ்சுபோச்சு. கெட்டிக்காரி. அதான் சிகரெட்டுக் கம்பெனிக்காரனும் பதறிட்டான்."

வெகு நாள் கழித்து டோனிக்கு நெஞ்சில் ஏதோ சூடாக ஏறியது. என்னவென்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை. வண்டியில் பாதித் தூரம் போன பிறகுதான் அது கோபம் என்று தெரிந்தது.

மாமனார் தைரியநாதன் ஒக்கூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். டோனி போய் இறங்கியபோது வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். மருமகனின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

"கோவிச்சுக்காதீக மாப்ள. மொதல்ல உக்காருங்க."

"எதுல கையெழுத்துப் போட்டீக மாமா?"

"நம்ம புள்ள பேரை வச்சுக்கிறதுக்கு. படம் வச்சுக்கிறதுக்கு. நல்ல காரியம்னுதான் சொன்னாக."

"அவுக யாருன்னு தெரியுமா?"

"ட்ரஸ்ட்டு."

"ட்ரஸ்ட்டுக்குப் பின்னாடி யாரு?"

தைரியநாதன் துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தார். "சிகரெட்டுக் கம்பெனின்னு அப்பறமாத்தான் தெரிஞ்சுச்சு. ஆனா மாப்ள, அதுக்கு முன்னாடியே அவுக பூசை குடுத்துட்டாக. மாசாமாசம் நம்ம பங்குக் கோயில்ல, ஷீலாவோட ஆன்ம இளைப்பாற்றிக்குன்னு சாமியாரு பேர் சொல்லி வாசிப்பாரு. ஊரே கேக்கும். முன்னப்பின்ன தெரியாத மனுசன், எம் புள்ளைக்காகப் பூசை குடுக்குறான். பூசை குடுத்தவுக வந்து வாசல்ல நிக்கும்போது எப்புடி மாப்ள இல்லேன்னு சொல்றது?"

அந்த ஊர்களில் வளர்ந்த டோனிக்கு அது புரியாமல் இருக்க முடியாது. சாவுக்கு வராதவரைக்கூட மன்னிக்கலாம். செத்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுத்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. யாரோ அதை விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று.

"நீங்களும் ஒரு பூசை குடுக்கல," என்றார் மாமனார், தரையைப் பார்த்தபடி. குற்றம் சொல்கிற குரலாக இல்லை. அதனால் அது கூடுதலாக உறைத்தது.

மறுநாள் காரைக்குடியில் சண்முகப்ரியாவின் அலுவலகத்துக்குப் போனான். ஷீலாவோடு கல்லூரியில் படித்தவள். பிறகு சட்டம் படித்து வக்கீலானாள். அவன் கொண்டுபோன படங்களையெல்லாம் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். பிறகு போனைக் கீழே வைத்தாள்.

"குத்தம் எங்கண்ணே இருக்கு இதுல?"

"சிகரெட்டுக்கு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?"

"இருக்கு. சிகரெட்டுப் பேரு பலகைல இருக்கா? இல்ல. படம்? அதும் இல்ல."

"கலரு அதேதான்."

"பச்சைக்கு யாருண்ணே பட்டா வாங்கி வச்சிருக்கா? கோர்ட்ல நான் சொல்வேன். அவுக வக்கீலு வேப்பமரத்தக் காட்டுவாரு." அவள் சிரிக்கவில்லை. "ட்ரஸ்ட்டு தனி. கம்பெனி தனி. சங்கம் ஆரம்பிக்கிறது குத்தமில்ல. கவுன்சிலரப் பாத்துப் பேசுறது குத்தமில்ல. ஷீலாவும் அதத்தான செஞ்சா? படத்துக்கு அவுக அப்பா கையெழுத்து வாங்கியிருக்காக. மெரட்டல, ஏமாத்தல. பூசை குடுத்தது எந்தச் சட்டத்துல வரும், சொல்லுங்க?"

"அவ பேரக் கெடுக்கிறாக பிரியா."

"கெடுத்தாப் பரவால்லண்ணே. செத்தவுகளத் திட்டினாக்கூட கேஸ் போட வழி இருக்கு. இவுக புகழ்றாக. புகழ்றதுக்கு எந்தச் செக்சன்லண்ணே நான் கேஸ் போட?"

"அப்ப இது சரிங்கிறியா?"

"சரின்னு நான் சொல்லவே இல்ல. குத்தம் இல்லங்கிறேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய ஊரே குடியிருக்கு. ரோடு, லைட்டு எல்லாம் உண்டு. நல்ல வசதியான ஊரு. இவுக அங்கதான் வீடு கட்டியிருக்காக." அவள் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தாள். "நீங்க புருசன். எதிர்ப்புன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க. வாங்கிக்குவாக. முத்திரை குத்துவாக. வாசிக்கிறதும் வாசிக்காததும் அவுக இஷ்டம்."

எழுதிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டார்கள். முத்திரை குத்தினார்கள்.

ஷீலாவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை அந்த வார ஞாயிற்றுக்கிழமை. ஓராண்டுக்குப் பிறகு டோனி கோயிலுக்குள் போனான். பீடத்தில் மெழுகுதிரிகள் எரிந்தன. பூசை தொடங்குமுன் ஒரு பெண் மைக்கில் வாசித்தாள்: "இத்திருப்பலி, காலஞ்சென்ற ஆரோக்கிய ஷீலாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஒப்புக்கொடுப்போர்..." அந்த இடத்தில் டோனியின் பெயர் வர வேண்டும். அவன் இரண்டு நாள் முன்பே பங்கு அலுவலகத்தில் சொல்லியிருந்தான். பெயர் வந்தது. தளிர்மூச்சு அறக்கட்டளைக்குப் பிறகு இரண்டாவதாக வந்தது. அவர்கள் அவனுக்கு முன்னாலேயே சொல்லிவைத்துவிட்டார்கள். முந்திக்கொள்வதும் குற்றமில்லை.

முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பெயர் ஸ்ரீநிவாசன். சென்னையிலிருந்து வந்தவர், ட்ரஸ்ட்டின் மக்கள் தொடர்பு அதிகாரி. அவர் சாமி வேறு. ஆனால் எங்கே முழந்தாள் போட வேண்டும், எங்கே எழுந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்.

பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் அசனச் சாப்பாடு. அதற்கு முன்னால் 'ஷீலா டீச்சர் நெறிமுறை' தொடக்க விழாவும் இலவச நுரையீரல் பரிசோதனை முகாமும். கவுன்சிலர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காளிதாஸ் சங்கத் தலைவர் என்று மேடையேறி, வேட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். சமையல் பந்தலிலிருந்து பிரியாணி வாசனை வந்தது.

டோனி மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனான். ஆட்களைவிட மின்கம்பிகள் அவனுக்குப் பழக்கம். மேடை விளக்குக்கும் மைக்குக்கும் கம்பத்தில் கொக்கி போட்டிருப்பார்கள் என்று நம்பித்தான் போனான். ஊரில் எந்த விழாவிலும் அதுதான் வழக்கம். ஒரு திருட்டு வயர் கிடைத்தால் போதும், பிடித்துவிடலாம். அவனுக்கு அதிகாரம் உண்டு.

கொக்கி இல்லை. தற்காலிக இணைப்புக்கு முறைப்படி விண்ணப்பித்து, தனி மீட்டர் வைத்து, ரசீதை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அவன் அந்த ரசீதைப் படித்தான். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாமே சரியாக இருந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

உள்ளே ஸ்ரீநிவாசன் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் குரல் பின்வாசல்வரை தெளிவாக வந்தது. நல்ல குரல்.

"ஷீலா டீச்சர் வாழ்நாள்ல ஒரு நாள்கூட புகையைத் தொட்டதில்லை. அவங்க வீட்டிலேயும் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அவங்களுக்கே இந்த நோய் வந்தது. இதிலேர்ந்து நமக்கு என்ன தெரியுது? இதனாலதான் வருதுன்னு ஒரு பொருளை மட்டும் கைகாட்டிட முடியாது. அதனாலதான் பரிசோதனை முக்கியம். விழிப்புணர்வு முக்கியம்."

அவள் தனக்குச் சாதகமாகக்கூடப் பயன்படுத்த மறுத்த நோய். அந்த மூச்சுத்திணறலை, அந்த எலும்பு தெரிந்த தோளை, எடுத்துக் கழுவித் துடைத்துக் கம்பெனிக்குச் சாட்சியாக மேடையேற்றிவிட்டார்கள்.

"டீச்சரோட கடைசி வார்த்தையை அவங்க அப்பா எங்ககிட்ட பகிர்ந்துகிட்டார்," என்றது அந்தக் குரல், இப்போது கொஞ்சம் தழுதழுத்து. "'யாரையும் தண்டிக்காதீங்க. சொல்லிக் குடுங்க.' இதுதான் அவங்க கடைசியாச் சொன்னது. லைசென்ஸ், அபராதம்னு சின்ன வியாபாரிகளைத் தண்டிக்கிறதா, இல்ல டீச்சர் ஆசைப்படி சொல்லிக் குடுக்கிறதா? இந்த ஊர்தான் முடிவு பண்ணணும்."

கைதட்டல் எழுந்தது. டோனி ஃபியூஸைப் பிடுங்கினான்.

மைக் செத்தது. விளக்குகள் செத்தன. மின்விசிறிகள் மெல்லச் சுற்றி நின்றன. "கரண்டு போச்சு" என்ற முணுமுணுப்புக்கு நடுவே அவன் ஃபியூஸ் கட்டையைக் கையில் பிடித்தபடியே மண்டபத்துக்குள் நடந்து வந்தான்.

அதற்குப் பிறகு என்னென்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பணம் கட்டிப் பெற்ற இணைப்பை அதிகாரமில்லாமல் துண்டித்ததாக அவன்மேல் எழுத்துப்பூர்வமாகப் புகார் போனது. மெமோ வந்தது, பிறகு தற்காலிகப் பணிநீக்கம். அந்த மண்டபத்தில் அன்றைக்குச் சட்டத்தை மீறியவன் அவன் ஒருவன்தான். சண்முகப்ரியாவும் அதையேதான் சொன்னாள், ஆனால் வழக்கைத் தானே எடுத்துக்கொண்டாள். 'குடும்பத்தாரின் விருப்பப்படி' என்று எழுதி வைத்திருந்த தீர்மானத்தைக் கொண்டுவர கவுன்சிலர்களுக்குக் கூச்சமாகிவிட்டது, எடுத்து வைத்துவிட்டார்கள். ஷீலாவின் லைசென்ஸ் மனு திரும்பவும் விவாதத்துக்கு வந்திருக்கிறது. ஜெயிக்குமா என்று தெரியாது. காளிதாஸ் பலகையைக் கழற்றி, படம் உள்பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பி, கடைக்கு மழை மறைப்பாகக் கட்டியிருக்கிறார். ட்ரஸ்ட்டின்மேல் எந்த வழக்கும் இல்லை. இப்போது பக்கத்துப் பேரூராட்சியில் வேறு ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அன்று மண்டபத்தில், கை பிசைந்து நின்ற கூட்டத்துக்கு நடுவே, ஸ்ரீநிவாசன் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"சார், உங்க வருத்தம் புரியுது. உட்கார்ந்து பேசலாம்."

"அவ அப்புடிச் சொல்லல," என்றான் டோனி. மைக் இல்லாததால் எல்லோரும் அமைதியாகிக் கேட்டார்கள்.

"அப்பா சொல்லித்தான் சார் நாங்க..."

"நான் எப்பத் தம்பி சொன்னேன்?" தைரியநாதன் முன்வரிசையில் எழுந்து நின்றார். கழுத்தில் அவர்கள் போர்த்திய பொன்னாடை இருந்தது. "எம் புள்ளை யாரையும் அடிக்க மாட்டா, சொல்லித்தான் குடுப்பான்னு சொன்னேன். வகுப்புல. பிரம்பு எடுக்க மாட்டான்னு சொன்னேன். சாகும்போது சொன்னதுன்னு நான் சொல்லல. நான் அங்க இல்லவே இல்ல."

"உணர்வு அதேதானே ஐயா," என்றார் ஸ்ரீநிவாசன்.

"நீ இந்தப் பேச்ச விடு," என்றார் கிழவர். மரியாதை விழுந்துவிட்டது. பொன்னாடையை எடுத்து நாற்காலியில் போட்டார். பூசைக்கும் அதற்கும் இருந்த கணக்கு அவருக்குள் அந்த நிமிஷத்தில் தீர்ந்திருக்க வேண்டும். ஸ்ரீநிவாசனைத் தாண்டி மருமகனிடம் வந்தார். இந்த ஓராண்டாக அவர் கேட்காதது, கேட்கப் பயந்தது.

"மாப்ள. எம் புள்ள கடைசியா என்னதான் சொன்னா?"

டோனி கையிலிருந்த ஃபியூஸ் கட்டையைப் பார்த்தான். ஓராண்டுக்கு முன் அந்தக் காலையில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அவள் பேசவில்லை. இவன் கட்டிலோரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணைத் திறந்தாள். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் எரிச்சலாக, இவனைப் பார்த்தாள். பேசினாள். இவன் எழுந்து போனான். திரும்பி வந்தபோது அவள் இல்லை. ஒரு சுவிட்சை நிறுத்திவிட்டு வருகிற நேரம்தான்.

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அதில் செய்தி எதுவும் இல்லை. பலகையில் எழுத முடியாது. யாருக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. அவனுக்கு மட்டும் சொன்னது.

கவுன்சிலர்கள், காளிதாஸ், வெள்ளைச் சட்டைக்காரர் எல்லோரும் கேட்கும்படியாகவே மாமனாரிடம் சொன்னான்.

"'மோட்டரப் போட்டுட்டு இங்கன என்ன உக்காந்திருக்கீக? தண்ணி வழியுது, போயி நிப்பாட்டுங்க.'"